கேட்டுவிட்டுக் கை கொடுங்கள்

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசி வந்ததே 1955-ல்தான். அவர் அதற்கு முந்தைய தலைமுறை. சூம்பிய இடது காலோடு கும்பகோணத்தில் டெய்லர் கடை நடத்தி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, எண்பதைத் தாண்டி வாழ்ந்து மறைந்தார். மிதி மெஷின் ஒத்துவராததால் கை மெஷின். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை துணியை நகர்த்தும். ஜாக்கெட் தைக்க அவரிடம்தான் கொடுப்பேன் என்று காத்திருந்த பெண்கள் உண்டு.

அவரோடு வெளியூர் போய்வரும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதில் கற்றவைதான் இவை.

அவர் காலில் போட்டிருந்த காலிப்பர் என்ற தாங்கு சட்டத்தில், முழங்காலின் இரு பக்கமும் கம்பியில் ஒரு சின்ன வளையம் இருக்கும். எழுந்து நின்று காலை நீட்டியதும் ‘டக்’கென்று இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அதை விரலால் மேலே தூக்கினால்தான் கால் மடங்கும். கல்யாண வீடுகளில் “உட்காருங்க” என்று பாசமாகத் தோளை அழுத்துகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? “இருப்பா, பூட்டைத் திறந்துக்கறேன்” என்பார். படியில் யாராவது கையைப் பிடித்து இழுத்தாலும் அதே கதைதான். “நீ என்னைப் பிடிக்காதே, நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்.” தோளைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றால் போதும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலமில்லாத கால் முதலில்.

கடைகளில் அவரை விட்டுவிட்டு என்னிடம், “அவருக்கு என்ன வேணும்?” என்பார்கள். நான் பதில் சொல்லமாட்டேன். அவரே சொல்வார்: “காலுதான்பா நடக்காது, வாய் நடக்கும்.”

அறுபதுக்கு மேல் நல்ல காலும் தோளும் தளர ஆரம்பித்தன. வயசாச்சு, தினமும் நடங்க என்றார் ஒரு டாக்டர். நடக்க நடக்கத் தளர்ச்சிதான் கூடியது. போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து இப்படிப் புதிதாகத் தசை தளர்வது உண்டு என்று பிறகு ஒரு மறுவாழ்வு மருத்துவர் விளக்கினார். அழிந்த நரம்பு செல்களின் வேலையையும் இத்தனை காலம் சேர்த்துச் சுமந்த செல்கள் ஓய்ந்துபோவதே காரணமாம். குணமாக்க மருந்தில்லை. களைப்பதற்கு முன்பே ஓய்வு, அளவான பயிற்சி, வேலையைப் பிரித்துச் செய்வது, இவ்வளவுதான். கடையில் மதியம் படுக்க ஒரு கட்டில் வந்தது. மெஷினுக்கு மோட்டாரும் வந்தது.

இந்தியாவின் கடைசி இயற்கை வகை போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழும் கிடைத்துவிட்டது. நல்ல சேதிதான். ஆனால் இளம் டாக்டர்கள் பலருக்கு போலியோ இன்று புத்தகத்துப் பாடம். அதனால் நாம்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். குறிப்பாக ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து டாக்டரிடம் சின்ன வயதில் போலியோ வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தி மருந்தும் இவர்களுக்குக் கூடுதலாக வேலை செய்யலாம்.

இன்னொன்று. வீட்டில் ஊன்றுகோல் பிடிக்கும் பெரியவர் இருந்தால், இன்றைக்கே அதைத் திருப்பி அடி ரப்பரைப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தால் ஈரத்தரையில் வழுக்கும். புது ரப்பர் சர்ஜிக்கல் கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. மாற்றிவிடுங்கள்.