18,000 ரூபாய்க்கு ஒரு ரேஸரா?

கேள்வி: தினமும் ஷேவ் செய்துகொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும் எனக்கு. பல வருடங்களாக ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேஸர்தான். தாடி முடி தடிமன், சுருட்டை. கழுத்தில் எப்போதும் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருக்கிறது. உடன் வேலை செய்யும் நண்பர், பழைய மாதிரி பிளேடு மாட்டும் சேஃப்டி ரேஸர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 18,000 ரூபாய். டைட்டானியம் என்றால் இன்னும் அதிகமாம். “ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் போதும், கார்ட்ரிட்ஜ் செலவும் மிச்சம்” என்கிறார். நானும் வாங்கலாமா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: செலவு மிச்சமாகும் என்று நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் மிச்சப்படுத்துவது அந்த 18,000 ரூபாய் ரேஸர் இல்லை, அதற்குள் மாட்டுகிற ஐந்து ரூபாய் பிளேடு. கார்ட்ரிட்ஜ் ஒன்று 200 ரூபாய், இரண்டு வாரம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 26 வேண்டும், 5,200 ரூபாய். சாதாரண பிளேடை ஐந்து ஷேவுக்கு ஒன்று என்று மாற்றினால் 73 பிளேடு, 365 ரூபாயோடு வருடம் முடிந்துவிடும். நம்மூர்க் கடையில் 700 ரூபாய்க்கு ஒரு ரேஸர் வாங்கினால், போட்ட காசு இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. நண்பருடைய ரேஸருக்கு அதே கணக்கில் கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆகும். இரண்டிலும் மாட்டுவது ஒரே பிளேடுதான்.

கழுத்துப் பொரிப்புக்கும் இதே பதில்தான். பல பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியை இழுத்துக் கொடுக்க, பின்னால் வருவது வெட்டுகிறது. வெட்டிய முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நேரான முடியென்றால் பிரச்சினை இல்லை. சுருட்டை முடி வளைந்து வளரும்போது தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. அதைச் சுற்றித்தான் சிவப்பு. ஒற்றை பிளேடுக்கு மாறினால் பலருக்கு இது குறைகிறது. ரேஸரின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் எந்த ரேஸரும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்ட்ரிட்ஜை அழுத்திப் பழகிய கை, இதையும் அழுத்தும். அழுத்தவே கூடாது. ரேஸரின் எடையே போதும், சுமார் 30 டிகிரி சாய்வு இருந்தால் சரி. கழுத்தில் முடி எல்லா இடத்திலும் கீழ்நோக்கி வளர்வதில்லை. சிலருக்குக் குரல்வளைக்குப் பக்கவாட்டில் குறுக்காகப் போகும். இரண்டு நாள் தாடியில் விரலை நாலு பக்கமும் தடவிப் பாருங்கள், சொரசொரக்காத திசைதான் வழிக்க வேண்டிய திசை. ரிவர்ஸ் ஷேவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அப்படியானால் 18,000 ரூபாய்க்கு என்னதான் கிடைக்கிறது? துல்லியம் கிடைக்கிறது. பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், தகடு மாதிரி வளையும். ரேஸர் தலை அதை வெட்டுமுனைக்கு நெருக்கமாக இறுக்கிப் பிடிக்காவிட்டால், உங்களுடையதைப் போன்ற தடித்த முடியில் பிளேடு அதிரும். அந்த அதிர்வுதான் எரிச்சல். நல்ல ஸ்டீல் ரேஸரின் தலையை முழு உலோகத்திலிருந்து கடைந்தெடுக்கிறார்கள், பிளேடு ஆடாமல் உட்காருகிறது. மலிவு ரேஸரில் ஒரு பக்கம் பிளேடு கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உண்டு. பிளேடை மாட்டி, தலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் தெரிகிற பிளேடு ஒரே அளவா? இல்லையென்றால் கைப்பிடியைத் தளர்த்தி, பிளேடின் குட்டை ஓரங்களைப் பிடித்து நேராக்கி மறுபடி முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அரை நிமிட வேலை.

அடுத்தது ஆயுள். மலிவு ரேஸர்களில் மட்டுமில்லை, ஜெர்மனியின் மெர்க்குர், மூலே போன்ற பெயர்பெற்ற கம்பெனிகளின் பிரபலமான மாடல்களிலும் தலை துத்தநாகக் கலவைதான், மேலே குரோம் பூச்சு. பூச்சு உரிந்தால் உள்ளே அரிக்கும். பாத்ரூம் தரையில் விழுந்தால் மரை முறியலாம். போர் தண்ணீரில் உப்புப் படிந்தால் அரிப்பு சீக்கிரம் வரும். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டீல் ஜெயிக்கிறது. ஆனால் ஷேவ் முடிந்ததும் மூன்று துண்டாகக் கழற்றி, அலசி, துணியில் ஒற்றி வைத்தால் 700 ரூபாய் ரேஸரும் வருடக்கணக்கில் வரும். சோப்பு நுரைப்பதற்கு மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரில் நுரை நிற்காது, நுரையில்லாத முகத்தில் எந்த ரேஸரும் கீறும்.

ரேஸருக்குப் பெரிய விலை கேட்பது இன்றைக்கு வந்த பழக்கமில்லை. 1903இல் ஜில்லெட் தன் முதல் சேஃப்டி ரேஸரை ஐந்து டாலருக்கு விற்றார். அன்றைய அமெரிக்கத் தொழிலாளியின் இரண்டு நாள் கூலியை அது தாண்டும். காப்புரிமை 1921இல் முடிந்த சமயத்தில்தான் விலை இறங்கியது. பிறகு 1938இல் வந்த ஜில்லெட் டெக் போன்ற பித்தளை ரேஸர்கள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவுடையது இருந்தால் தேடி எடுங்கள். இன்றைய பிளேடு அதில் கச்சிதமாகப் பொருந்தும். செலவே இல்லை.

டைட்டானியம் வேண்டவே வேண்டாம். எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் அது இருக்கும். எடையை நம்பி வழிக்கிற ஒரு கருவிக்கு, எடை குறைவதற்காகக் கூடுதல் காசு கொடுப்பானேன்? அடிக்கடி விமானத்தில் போகிறவர் என்றால், சேஃப்டி ரேஸர் எதுவானாலும் இன்னொன்று உண்டு: தனி பிளேடைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இப்போதைக்கு 700 ரூபாய் ரேஸர் ஒன்றும், நாலைந்து கம்பெனி பிளேடு ஒவ்வொரு பாக்கெட்டும் வாங்குங்கள். ஒருவர் முகத்துக்கு ஒத்துவரும் பிளேடு இன்னொருவருக்கு ஒத்துவராது, மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் தெரியும். பொரிப்பில் சீழ் வைத்தாலோ இரண்டு மாதத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த ஸ்டீல் ரேஸர் மேல் ஆசை போகவில்லையா, தாராளமாக வாங்குங்கள். ஆசைப்பட்டு வாங்கினேன் என்று சொல்லி வாங்குங்கள், சிக்கனம் என்று வீட்டில் கணக்குக் காட்டாதீர்கள்.