கேமராவில் உள்ள படத்தை டேப்லெட்டுக்கு மாற்றுவோம்



கடன் வாங்கி கறவை மாடு பிடிக்கிறோம். காப்பீடு செய்யும்போது காதுவில்லை தெரிகிற மாதிரி மாட்டைப் படம் எடுக்கிறோம். கண்காட்சிக்கு அனுப்ப கூடை, பாய், ஊறுகாய் பாட்டிலை எல்லாம் படம் எடுக்கிறோம். எடுத்த படம் கேமராவுக்குள்ளேயே கிடந்தால் யாருக்கு என்ன பயன்? நாளைக்கு மாடு செத்துப்போய் இழப்பீடு கேட்கிற நேரத்தில் படம் கையில் இல்லை என்றால் அலைச்சல் நமக்குத்தான்.

"போன்லயே எடுத்துடலாமே, கேமரா எதுக்கு?" என்று கேட்கலாம். போனிலும் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் பல கூட்டமைப்புகளில் பழைய டிஜிட்டல் கேமரா நல்ல நிலையில் இருக்கிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்து எடுக்கலாம். ஒருத்தர் சொந்த போனில் குழுவின் படம் எல்லாம் தங்கிவிடாது. அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர் இல்லாமல், கணக்கு எழுத வைத்திருக்கும் டேப்லெட்டுக்கே மாற்றுவது எப்படி என்று இந்த இதழில் கற்றுக்கொள்வோம்.

ஒயரை மாட்டினால் மட்டும் போதாதா?

போதாது. யு.எஸ்.பி. இணைப்பில் ஒரு பக்கம் கேட்கிற கருவி, மறு பக்கம் பதில் சொல்கிற கருவி என்று இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கேட்கும், கேமரா பதில் சொல்லும். டேப்லெட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் டேப்லெட்டும் பதில் சொல்கிற கருவிதான். கேமராவையும் டேப்லெட்டையும் சும்மா இணைத்தால், சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் "நீங்க முதல்ல சொல்லுங்க" என்று உட்கார்ந்திருப்பது போல இரண்டும் பேசாமல் இருக்கும்.

டேப்லெட்டைக் கேட்கிற கருவியாக மாற்றுவதுதான் ஓ.டி.ஜி. இணைப்பான். இதற்கான விதிமுறை 2001-ல் வந்தது. மைக்ரோ யு.எஸ்.பி. முனையில் 5 கம்பிகள் உண்டு. ஓ.டி.ஜி. இணைப்பானில் அதில் 4-வது கம்பியை 5-வது கம்பியோடு சேர்த்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் "இப்போது நான்தான் கேட்க வேண்டும்" என்று டேப்லெட் புரிந்துகொள்ளும். சார்ஜர் ஒயரில் இந்த ஏற்பாடு கிடையாது. பார்வைக்கு ஒன்று போல இருக்கும், வேலை வேறு. கடையில் வாங்கும்போது "ஓ.டி.ஜி. வேணும்" என்று சொல்லியே வாங்குங்கள். நம் டேப்லெட்டின் முனை மைக்ரோவா, டைப்-சியா என்று பார்த்து வாங்குங்கள்.

நாம் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் அடித்தளம் லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது அது. அதே நாட்டு நோக்கியா நிறுவனம் 2005-லேயே லினக்ஸில் ஓடும் 770 என்ற கையடக்க டேப்லெட்டை விற்றது. ஆண்ட்ராய்டில் கேட்கிற கருவியாக இருக்கும் வசதி 2011-ல், 3.1 பதிப்பில் வந்தது. இருந்தாலும் எல்லா டேப்லெட்டிலும் அந்த வசதி இருக்காது. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. இரண்டிலும் சார்ஜ் நிறைய இருக்கட்டும். பாதியில் கேமரா அணைந்தால் படம் கெட்டுப்போகலாம்.

2. டேப்லெட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படம் 3 எம்.பி. என்றால் 200 படத்துக்கு 600 எம்.பி. வேண்டும்.

3. கேமராவை அணைத்துவிட்டு அதன் ஒயரைக் கேமராவில் மாட்டுங்கள். மறு முனையை ஓ.டி.ஜி.யில் செருகி, ஓ.டி.ஜி.யை டேப்லெட்டில் மாட்டுங்கள்.

4. கேமராவை ஆன் செய்யுங்கள். சில கேமராக்களில் எடுத்த படத்தைப் பார்க்கும் பொத்தானையும் அழுத்த வேண்டும். டேப்லெட் அனுமதி கேட்டால் சம்மதம் கொடுங்கள்.

5. டேப்லெட்டில் 'ஃபைல்ஸ்' பகுதியைத் திறந்தால் கேமராவின் பெயர் தெரியும். அதற்குள் 'டி.சி.ஐ.எம்.' என்ற பெட்டிக்குள்தான் படங்கள் இருக்கும்.

6. ஒரு படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தேர்வு செய்யுங்கள். 'காப்பி' கொடுங்கள். 'மூவ்' கொடுக்க வேண்டாம். தேதியும் வேலையும் எழுதிய புதுப் பெட்டியில் ஒட்டுங்கள்.

7. எண்ணிப் பாருங்கள். கேமராவில் 40 என்றால் டேப்லெட்டிலும் 40 இருக்க வேண்டும். முதல், நடு, கடைசிப் படங்களைத் திறந்தும் பாருங்கள்.

8. 'எஜெக்ட்' இருந்தால் அதைத் தொட்டு, கேமராவை அணைத்த பிறகு ஒயரைக் கழற்றுங்கள்.

தெரியவில்லை என்றால்?

கேமராவின் அமைப்புகளில் யு.எஸ்.பி. என்ற இடத்தில் 'மாஸ் ஸ்டோரேஜ்', 'பி.டி.பி.' என்று இரண்டு வழி இருக்கலாம். ஒன்றில் வராவிட்டால் மற்றதை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், கேமராவை அணைத்து கார்டை வெளியே எடுத்து, கார்டு ரீடரில் போட்டு, ரீடரை ஓ.டி.ஜி.யில் மாட்டிப் பாருங்கள்.

32 ஜி.பி.க்கு மேல் உள்ள கார்டுகள் வேறு முறையில் எழுதப்பட்டவை. பழைய டேப்லெட் சிலவற்றுக்கு அது படிக்கத் தெரியாது. அப்போது "கார்டு சரியில்லை, ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். சரி என்று தொட்டுவிடாதீர்கள்! தொட்டால் கார்டில் உள்ள எல்லாப் படமும் போய்விடும். கார்டு நன்றாகத்தான் இருக்கும், டேப்லெட்டுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. கழற்றி வைத்துவிட்டு, வேறு கருவியில் போட்டுப் பாருங்கள்.

மறக்காமல் இருக்க

• படம் எடுக்கும் முன்பே கேமராவில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். படத்தோடு அந்தத் தேதியும் பதிவாகிறது. தப்பான தேதி சாட்சியைக் கெடுக்கும்.

• படம் இரண்டு இடத்தில் சேர்ந்த பிறகுதான் கேமராவில் அழிக்க வேண்டும். டேப்லெட் ஒன்று, பென் டிரைவ் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவையும் இதே ஓ.டி.ஜி.யில் மாட்டலாம்.

• எந்தத் தேதியில் எத்தனை படம் மாற்றினோம் என்பதை நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போடுங்கள். பணத்துக்குக் கணக்கு வைப்பது போலத்தான் இதுவும்.

• இந்த வேலை ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவர் ஊருக்குப் போன நாளில் குழுவே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். மாதம் ஒருவர் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கூட்டத்தில் பேச

1. நம் கேமராவில் இன்னும் மாற்றாத படம் எத்தனை?
2. காப்பீடு செய்த மாடுகள் எல்லாவற்றுக்கும் காதுவில்லையோடு படம் இருக்கிறதா?
3. இந்த மாதம் படம் மாற்றக் கற்றுக்கொள்ளப் போவது யார்?