இடி சொல்லும் தூரம்

ஜூலை மாதம். ஒடிசாவில் நாற்று நடும் காலம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். மேற்கே கருமேகம் திரண்டு வருகிறது. மின்னல் வெட்டுகிறது. சிறிது நேரம் கழித்து இடி முழங்குகிறது.

மின்னல் எவ்வளவு தூரத்தில் வெட்டியது? இதை அளக்கக் கருவி வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

மின்னல் முந்தி, இடி பிந்தி

மின்னலும் இடியும் ஒரே நேரத்தில்தான் உண்டாகின்றன. ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அதனால் மின்னல் உடனே தெரிகிறது. ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். அதனால் இடி பிந்திக் கேட்கிறது.

3 நொடியில் ஒலி செல்லும் தூரம்: 340 × 3 = 1,020 மீட்டர். அதாவது ஏறக்குறைய 1 கிலோமீட்டர்.

மின்னல் தெரிந்ததும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நிதானமாக எண்ண வேண்டும். இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். எண்ணிக்கையை 3-ஆல் வகுத்தால் தூரம் கிடைக்கும்.

15 நொடி என்றால் 5 கிலோமீட்டர்.
30 நொடி என்றால் 10 கிலோமீட்டர்.

மூன்று கணக்கு

தூரம் = வேகம் × நேரம்
நேரம் = தூரம் ÷ வேகம்
வேகம் = தூரம் ÷ நேரம்

இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடிக்கலாம்.

எது முந்தும்?

30 எண்ணியபோது இடி கேட்டது. மழைமேகம் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வயலை நோக்கி வருவதாகக் கொள்க. வந்து சேர ஆகும் நேரம்: 10 ÷ 30 = மூன்றில் ஒரு பங்கு மணி. அதாவது 20 நிமிடம்.

வீடு 2 கிலோமீட்டர் தூரம். நடை வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். 1 கிலோமீட்டர் நடக்க 12 நிமிடம். வீடு சேர 24 நிமிடம். மேகம் 4 நிமிடம் முந்திவிடும்! அரை கிலோமீட்டரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே போக 6 நிமிடம் போதும். பள்ளிக்கூடத்துக்குப் போவதே சரி.

"இன்னும் 20 நிமிடம் இருக்கிறதே, இந்த வரிசையை முடித்துவிடலாம்" என்று எண்ணக் கூடாது. மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் தாக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே புறப்பட வேண்டும்.

உயிர் காக்கும் வழிகள்

இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். வயலில் வேலை செய்பவர்களே அவர்களில் அதிகம்.

• நல்ல கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். நாலு பக்கமும் மூடிய பேருந்தும் பாதுகாப்பானது.
• மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மின்கம்பத்தின் அருகிலும் நிற்கக் கூடாது.
• குளத்திலோ நீர் நிறைந்த வயலிலோ நிற்கக் கூடாது.
• அருகில் கட்டடமே இல்லையா? கால்களைச் சேர்த்துக் குந்தி உட்கார வேண்டும். தரையில் படுக்கக் கூடாது.
• கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.
• மின்னல் தாக்கியவரைத் தொட்டால் மின்சாரம் பாயாது. உடனே முதலுதவி செய்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பயிற்சி

1. மின்னல் தெரிந்து 12 நொடியில் இடி கேட்டது. மின்னல் வெட்டிய தூரம் என்ன?
2. 5 நிமிடம் கழித்து வெட்டிய மின்னலுக்கு 6 நொடியில் இடி கேட்டது. இப்போது தூரம் என்ன?
3. அப்படியானால் மேகம் வரும் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?
4. கடைசி இடி மாலை 4.10-க்குக் கேட்டது. எப்போது வெளியே வரலாம்?

விடைகள்: 1) 4 கிலோமீட்டர். 2) 2 கிலோமீட்டர். 3) 5 நிமிடத்தில் 2 கிலோமீட்டர் வந்தது, மணிக்கு 24 கிலோமீட்டர். 4) 4.40-க்குப் பிறகு.