மிதித்தால் உதறுகிறது, விட்டால் அடங்குகிறது

கேள்வி: ஏழு வயதான, முன்சக்கரங்கள் இழுக்கும் மேனுவல் கியர் பெட்ரோல் கார். 60 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியே உதறுகிறது. காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தாகிவிட்டது. இப்போது டயரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். டயர்தான் காரணம் என்பதற்கு எதிரான சாட்சி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பேலன்ஸ் தப்பிய சக்கரம் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. 80-இல் உதறினால், காலை எடுத்த பிறகும் வேகம் இறங்கும்வரை உதறத்தான் செய்யும். உங்கள் வண்டி உடனே அடங்குவதால், என்ஜினின் இழுவை ஏறும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறு இது. ‘என்ஜின் மிஸ் அடித்தாலும் மிதிக்கும்போதுதானே உதறும்?’ என்று மெக்கானிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டால் அப்படித்தான் ஆகும். பெரும்பாலும் என்ஜின் விளக்கும் எரியும். ஆனால் விளக்கைவிட கியர் நம்பகமான சாட்சி. போக்குவரத்தில்லாத நேர்ச்சாலையில், அதே 70 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரில் ஒருமுறையும் மூன்றாம் கியரில் ஒருமுறையும் மிதித்துப் பாருங்கள். என்ஜின் சுற்று மாறும், சக்கரச் சுற்று மாறாது. மூன்றாம் கியரில் உதறல் பலமாகலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். துடிப்பு வேகமெடுக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். எடுத்தால் என்ஜின் பக்கம் போங்கள், இல்லையென்றால் ஆக்சில்.

என் சந்தேகம் ஆக்சிலின் உள்முனை, அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து சி.வி. ஜாயின்ட் மேல்தான். பல கார்களில் அங்கே மூன்று உருளைகள், கிண்ணம் போன்ற உறையின் பள்ளங்களில் முன்னும் பின்னும் ஓடும். பள்ளம் தேய்ந்துவிட்டால், இழுவை ஏறும்போது உருளைகள் சிக்கிச் சிக்கி நகர்ந்து, ஒரு சுற்றுக்கு மூன்று முறை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். 70 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் பத்து முறை சுற்றுகிறது; ஆக, நொடிக்கு முப்பது தள்ளல். ‘ரப்பர் பூட் கிழியவில்லை, வளைவில் கடகடவென்ற சத்தமும் இல்லை, ஜாயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பட்டறையில் மறுப்பார்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் வெளிமுனை ஜாயின்டின் அடையாளம்; உள்முனை சத்தமில்லாமலேயே தேயக்கூடியது. பூட் முழுதாக இருந்தாலும் உள்ளே கிரீஸ் வயதாகிக் கெட்டிருக்கலாம். கையால் ஆட்டிப் பார்ப்பதும் போதாது. பூட்டைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, பள்ளத்தில் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே என்ஜின் மவுன்ட்டுகளையும் பார்த்துவிடட்டும். மவுன்ட் அமுங்கி என்ஜின் இறங்கியிருந்தால் ஆக்சிலின் கோணம் மாறும். அந்த நிலையில் புது ஜாயின்ட் போட்டாலும் உதறல் முழுதாகப் போகாது.