இரண்டு லட்சம் ஓடிய டர்போ கார்: தென்காசி, குற்றாலத்தில் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பக்கம் விலைக்கு வரும் பழைய டீசல் கார்களில் பல, டாக்சியாக ஓடியவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவி சீசன், கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு வரை ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலை ஓட்டம், இடையில் திருவனந்தபுரம் விமான நிலைய சவாரி. இப்படி ஓடும் ஸ்விப்ட் டிசையரோ இன்னோவாவோ இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தொடுவதில் அதிசயம் இல்லை. முதல் முறை கார் வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்ததும் ‘டர்போ போயிருக்குமே’ என்று பின்வாங்குவார். எண்ணைவிட அந்த வண்டிக்கு ஆயில் எப்போதெல்லாம் மாற்றினார்கள் என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான் இங்கே.

டர்போ எதனால் சாகிறது

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இழுவை கிடைக்கும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் பழசாகிக் கசடானாலோ, மலையேறி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்து உள்ளே இருக்கும் ஆயில் கருகினாலோ டர்போவின் ஆயுள் குறையும். ஒழுங்காக ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டர் வண்டி, கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடி வருடக்கணக்கில் ஆயில் பார்க்காத எழுபதாயிரம் வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

எந்த வண்டியைத் தேடலாம்

தொடங்குபவருக்கு என் தேர்வு, மாருதியின் 1.3 லிட்டர் டீசல். ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின் அது. 2007-இல் ஸ்விப்டில் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஸ்விப்டிலும் டிசையரிலும் உள்ள 75 குதிரைத்திறன் வடிவத்தின் டர்போ எளிமையானது. எர்டிகா, சியாஸில் உள்ள 90 குதிரைத்திறன் வடிவத்தில் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் உண்டு. கரி படிந்தால் அவை சிக்கிக்கொள்ளும். இந்த இன்ஜினைத் தெரியாத மெக்கானிக் இங்கே அபூர்வம்.

2005 முதல் 2016 வரை விற்ற பழைய இன்னோவாவின் 2.5 டீசல் உழைப்பாளி. ஆனால் அதில் டைமிங் பெல்ட் இருக்கிறது; எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் வேண்டும். 2020-க்குப் பிந்தைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி வரும். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். நெக்ஸான், வென்யூ போன்ற டர்போ பெட்ரோல் கார்கள், ஓட்டம் அதிகமானால், புதியவருக்கு வேண்டாம் என்பேன்.

மீட்டரும் மஞ்சள் போர்டும்

“எல்லாம் லைன்ல (நெடுஞ்சாலையில்) ஓடினது அண்ணாச்சி” என்று விற்கிற எல்லோரும் சொல்வார்கள். மீட்டரைக் குறைத்து வைப்பது பெரிய வித்தை இல்லை. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம், டிரைவர் சீட்டின் வெளி ஓரம் மூன்றையும் பாருங்கள். அறுபதாயிரம் காட்டும் காரில் இவை மழுங்கியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்த வண்டி என்றால் ஓனரையே அழைத்துப்போய்ப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்து ஏறுகிறதா, பத்தாயிரத்துக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மஞ்சள் நிற டி போர்டு (டாக்சி) வண்டியாக இருந்து ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாற்றிய வண்டி கெட்ட வண்டி அல்ல. மறைத்து விற்பதுதான் கெட்டது. மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார் என்று யோசியுங்கள்.

பானெட்டைத் திறந்தால்

வண்டியைக் காலையில் பாருங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பும்போது செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் ‘கடகட’ சத்தம் வந்து நின்றால், மல்டிஜெட்டில் அது டைமிங் செயின் தளர்ந்ததற்கான அறிகுறி.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் டர்போ செலவு சின்னது. எனவே இந்தச் சோதனையில் தோற்ற வண்டிக்கு மேலே படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது டர்போ. இதற்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், விற்பவர் காட்டும் மெக்கானிக்கை அல்ல. இன்ஜினை அணைத்து, ஆறியபின், டர்போவுக்குக் காற்று போகும் ஓஸைக் கழற்றித் தண்டை விரலால் அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இயல்பு. உள்ளே வெளியே என்று முன்பின்னாக ஆடினாலோ, இதழ்கள் சுவரை உரசியிருந்தாலோ டர்போவின் கதை முடியப்போகிறது. இன்டர்கூலர் ஓஸில் எண்ணெய்ப் பசை இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் தேங்கி நின்றால்தான் பயம். கடைசியாக ஸ்கேனர் போடுங்கள். பிழை எதுவும் இல்லாமல் பளிச்சென்று இருப்பதும் சந்தேகத்துக்குரியதே, நேற்று அழித்திருக்கலாம். ஓட்டிப் பார்த்தபின் இன்னொரு முறை போடுங்கள்.

புளியரை எஸ் வளைவு

சமவெளி ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத சோதனைச் சாலை நமக்கு இருக்கிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு வரை போய்த் திரும்புங்கள். ஏ.சி. போட்டு, நான்கு பேர் ஏறிக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் ஏதாவது ஒரு பார லாரியின் பின்னால் மாட்டுவீர்கள். எரிச்சல்பட வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டியது. மூன்றாம் கியரில் 1,500 சுற்றில் ஊர்ந்து, பாதை கிடைக்கும் இடத்தில் முழுவதும் மிதித்துப் பாருங்கள். மல்டிஜெட் முதலில் சோம்பலாகத்தான் இருக்கும். அது குறை அல்ல, பிறவிக்குணம். 2,000 சுற்றை நெருங்கும்போது இழுவை வந்து முதுகை சீட்டில் அழுத்த வேண்டும். வராவிட்டால் காற்று எங்கோ கசிகிறது, அல்லது டர்போ களைத்துவிட்டது. நன்றாக ஏறிக்கொண்டிருந்த வண்டி திடீரெனச் சக்தி இழந்து, அணைத்துப் போட்டதும் சரியானால், இதழ் சிக்குவதையோ ஓஸ் விடுவதையோ தேடச் சொல்லுங்கள். மெல்லிய விசில் டர்போவின் இயல்பு. சைரன் போல ஊளையிட்டால் இல்லை. வெப்பமுள் நடுவைத் தாண்டக் கூடாது.

இறக்கம்தான் இன்னும் நேர்மையானது. கீழ்க்கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் சில நிமிடம் இறங்கிவிட்டு, சமதளம் வந்ததும் மிதியுங்கள். பின்னால் வரும் பைக்கில் ஒரு நண்பர் புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ சீலோ வால்வு சீலோ. பி.எஸ்.4 வண்டியில் மிதித்த கணத்தில் வரும் கறுப்புப் புகை மன்னிக்கத்தக்கது, விடாமல் தள்ளினால் இல்லை. சாரல் காலத்துக் குளிர்காலையில் முதலில் தெரியும் வெள்ளை ஆவியைக் கண்டு மிரள வேண்டாம். வண்டி சூடான பின்னும் வந்தால்தான் விஷயம்.

திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். விற்பவர் ஓட்டும் முறையையும் கவனியுங்கள். மலையிறங்கி வந்து அவராகவே சற்றுப் பொறுத்து அணைத்தால், சர்வீஸ் புத்தகம் சொல்லாததை அது சொல்லும்.

துருவும் வெள்ளமும்

கேரளக் கடலோரத்திலிருந்து வந்த வண்டியைச் சர்வீஸ் பள்ளத்தின் மேல் நிறுத்தி, அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது நெல்லை, தூத்துக்குடியில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். ஸ்டெப்னிக் குழியின் மூலையைத் தடவுங்கள். வண்டல் கையில் வந்தால் விலை பேசவே வேண்டாம்.

காகிதங்கள்

எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் எல்லாம் தெரியும். கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டி.என்.76 வண்டி என்றால் வேலை தென்காசியிலேயே முடிந்துவிடும். கே.எல். (கேரளப் பதிவு) வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் எடுக்க வேண்டும். வண்டியின் விலை மலிவாகத் தோன்றுவது பாதி இதனால்தான். வரியைக் கூட்டிப் பார்த்தபின் பேசுங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. அந்தப் பக்கம் ஓடிய வண்டிக்கு நிலுவை இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பாருங்கள். பதினைந்து வயதை நெருங்கும் வண்டிக்கு மறுபதிவும் பசுமை வரியும் காத்திருக்கும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

விலை

டர்போ, கிளட்ச், நான்கு டயர் மூன்றுக்கும் உங்கள் மெக்கானிக்கிடம் தனித்தனியாக மதிப்பு வாங்கிக்கொண்டு, பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் உட்காருங்கள். டர்போ மாற்றும் செலவு ஐந்து இலக்கத்தில்தான் தொடங்கும். அட்வான்ஸ் கொடுக்கும்போது, ‘என்.ஓ.சி. வராவிட்டால் பணம் திரும்ப’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய முதல் வாரம்

நேற்றுதான் ஆயில் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள்; சர்வீஸ் புத்தகம் சொல்லும் ரகத்தில், ஆயில் பில்டரோடு. ஏர் பில்டர், டீசல் பில்டர், கூலன்ட் மூன்றையும் அதே நாளில் முடியுங்கள். வெடிப்பு விட்ட இன்டர்கூலர் ஓஸை ஒட்டுப்போடாமல் புதிது வாங்குங்கள். ஆயில் அளவைக் குச்சியில் குறித்துவைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால், ஆயில் போகும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு மலைப்பாதைக்கு எடுத்துப் போகலாம்.