விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார், தங்கச்சி

"வேலைக்குச் சேர்ந்து ஒரு செமஸ்டர்தான் ஆச்சு, அதுக்குள்ள பேப்பர் போடச் சொல்றாங்கக்கா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை" என்று நேற்று போனில் அழுதாய். வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதுபோக நாக் தரமதிப்பீட்டு ஃபைல், இன்டர்னல் மார்க். சிரமம்தான். ஆனால் தலைப்பைத் தேடி அலையாதேம்மா. அது உன் மேஜையிலேயே கிடக்கிறது.

தீபாவளிக்கு வந்தபோது பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். 'நிறை' வரவேண்டிய இடத்திலெல்லாம் பிள்ளைகள் 'எடை' என்று எழுதியிருந்தார்கள். நீ சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே போனாய். கடையில் எடை போட்டால் கிலோவில்தான் சொல்கிறார்கள். பாடத்திலோ கிலோகிராம் நிறைக்கு, எடைக்கு நியூட்டன். அந்தப் பிள்ளைக்கு வார்த்தைதான் தடுக்கியதா, விஷயமே பிடிபடவில்லையா? ஆங்கில வழியில் படித்து வந்தவர்களும் இதே தப்பைச் செய்கிறார்களா? இது ஆராய்ச்சிக் கேள்வி, கண்ணு.

நாற்பது பேருக்கு நாலைந்து கேள்வி கொடு. பத்துப் பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசு. சின்னக் கட்டுரைக்கு அது போதும். துறைத் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிடு, மாணவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல். பெயரோ பதிவெண்ணோ கட்டுரையில் எட்டிப்பார்க்கக் கூடாது.

அடுத்தது படிப்பு. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் இந்த மாதிரி விஷயங்களை வெகுநாளாக ஆராய்கிறார்கள். அவர்கள் எழுதியதைத் தேடிப் படி. ஷோத்கங்கா இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், முன்னாய்வுகளைப் பற்றிய அத்தியாயம் போதும். கூகுள் ஸ்காலரில் நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் அதன் கீழே 'சைட்டட் பை' இருக்கும். அதைத் தட்டினால் பிறகு வந்தவை வரிசையாக வரும். முதல் நாளிலிருந்தே ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்துவை. கடைசி வாரத்தில் மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்து நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். "மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் வரும். என் முதல் கட்டுரையை அப்படி ஒரு இதழுக்கு 2,500 ரூபாய் கட்டிக் கொடுத்தேன். ஒருவரும் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த வலைத்தளமே காணாமல் போனது. ஆறு மாத உழைப்பு அது. இன்றும் மனசு ஆறவில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பதால் மட்டும் இதழ் தரமாகிவிடாது. தரமான இதழ்களுக்கென்று இருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலையே 2025-இல் கைவிட்டுவிட்டார்கள், இன்னும் அந்தப் பேரைச் சொல்லி அழைக்கிறவர்களை நம்பாதே. இதழின் பழைய கட்டுரைகள் நாலைப் படித்துப் பார். ஆசிரியர் குழுவில் உள்ளவர்களில் ஒருவருக்கு நேரடியாக மெயில் போட்டுக் கேட்டாலும் தப்பில்லை.

நேரத்துக்கு ஒரே வழிதான்: வாரத்தில் ஒரு காலை, ஒன்றரை மணி நேரம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார். மாப்பிள்ளையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அன்றைக்கு டிபன் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த விடைத்தாள் கட்டை நாளைக்கே எடு. எத்தனை தாளில் 'எடை' என்று இருக்கிறது என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்துவை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பேன்.