தையற்பொறியும் உடல்நலமும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஆடையின் அழகைப் புகழ்வோர் பலர். அதனைத் தைத்தவரின் உடல்நலத்தை எண்ணுவோர் சிலரே. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கும் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்துத் தருகின்றனர். அவருட் பலர் வீட்டுப் பணிகளுக்கிடையே பொறியின்முன் அமர்ந்து நெடுநேரம் உழைக்கின்றனர். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ளவை போன்ற வேதிப்பொருள் ஆலைகளில் விபத்து நேரின், அதனை ஊரே உடனே அறியும். குனிந்து தைப்பதால் வரும் தீங்கோ பிறர் அறியாவண்ணம் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது.

இத்தீங்கு புதியதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். காலை மடக்கிக் குனிந்திருந்து தைப்போர்க்குக் கால் மரத்துப்போதலும் முதுகு கூனுதலும் உண்டாதலை அவர் எடுத்துரைத்தார். 1846இல் அமெரிக்கராகிய எலியாஸ் ஹோவ் தம் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பொறிகள் பரவியபின் தையலின் விரைவு பெருகியது. ஆயினும் குனிதல் நீங்கவில்லை.

அதன் காரணம் யாது? தைப்பவரின் கண் ஊசிமீதும், கை துணிமீதும், கால் மிதிமீதும் பதிந்திருக்கின்றன. ஆகவே, உடல் நெடுநேரம் அசையாதிருக்கிறது. மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ளது. தலை நிமிர்ந்திருக்குங்கால் அவ்வெடையை முதுகெலும்பு எளிதில் தாங்கும். தலை முன்னே சாயச் சாய, கழுத்தின் பின்புறத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க நேர்கிறது. ஓய்வின்றி இறுகிய தசையில் குருதியோட்டம் குறைந்து, அயர்வும் வலியும் தோன்றுகின்றன.

இதனைக் குறைக்கும் வழிகள் எளியன. முக்காலியை விடுத்து, முதுகைத் தாங்கும் நாற்காலியில் அமர்தல் வேண்டும். இருக்கை மிக உயர்ந்தால் கழுத்துக் குனியும். மிகத் தாழ்ந்தால் தோள்கள் உயர்ந்து இறுகும். தோள்கள் தளர்ந்து, முழங்கை மேசைமட்டத்தை ஒட்டியிருக்கும் உயரமே ஏற்றது. ஊசி உடலுக்கு நேர்முன்னே இருக்குமாறு நாற்காலியை மேசைக்கு அருகில் இட்டு, பாதங்கள் இரண்டும் மிதியில் நன்கு படிய அமர வேண்டும். மங்கிய ஒளி முகத்தைத் துணியருகே இழுக்குமாதலால், ஊசியின் பக்கத்தில் விளக்கு வேண்டும். வெட்டிய துணிகளைத் தரையில் குவிக்காமல் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால், அடிக்கடி முறுகித் திரும்ப வேண்டுவதில்லை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, தோள்களைச் சுழற்றிச் சிறிது நடத்தல் மிக நன்று. வலி நீடிப்பின் மருத்துவரை நாட வேண்டும்.

உழைப்பவர் வலியைப் பொறுத்தே ஆக வேண்டும் என்று கருதுதல் தவறு. திருப்பூரில் உள்ளவை போன்ற பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கையையும் ஓய்வுநேரத்தையும் தையற்காரர் தாமே வகுத்துக்கொள்ள இயலாது. அவற்றை அளித்தல் ஆலை நடத்துவோரின் கடமையாகும். வீட்டில் தைக்கும் அன்னைக்கு நல்ல நாற்காலி ஒன்றைத் தேடி இடுதலும், விளக்கைச் சரியான இடத்தில் அமைத்துத் தருதலும் பள்ளியிற் பயிலும் மகனும் மகளும் இன்றே செய்யத்தக்க பணிகளாம்.